ஈறுகளில் இரத்தக் கசிவு முதல் மறு அளவீடு வரை: ஈறு நோயைக் கையாளும் வரிசை

ஈறு நோயோடு வருபவர்கள் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். இரத்தம் கசிந்ததும் மவுத்வாஷ் வாங்குகிறார்கள். ஈறு வீங்கினால் எப்போதோ மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடுகிறார்கள். ஒருமுறை ஸ்கேலிங் (பல்லில் கெட்டிப்பட்ட படிவைக் கருவியால் எடுப்பது) செய்துகொண்டால் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். மவுத்வாஷுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் ஸ்கேலிங்குக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. இடம் மாறினால் பணமும் மாதங்களும் கரையும், நோய் அப்படியே இருக்கும்.

கீழுள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யவும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒன்றைத் தயார் செய்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மென்மையான இழைகளும் சிறிய தலையும் கொண்ட பிரஷ், ஃபுளோரைடு கலந்த பேஸ்ட், இரண்டு மூன்று அளவுகளில் பல்லிடுக்கு பிரஷ், ஃப்ளாஸ் நூல், நல்ல வெளிச்சம், ஒரு கண்ணாடி ஆகியவை போதும். மருந்துக் கடையில் கிடைத்தால், பற்படலத்துக்கு (பல்லில் ஒட்டி வளரும் கிருமிப் படலம்) நிறமேற்றிக் காட்டும் மாத்திரை ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். எங்கே பிரஷ் படவில்லை என்பதை அது தயவுதாட்சண்யம் இல்லாமல் காட்டிவிடும்.

பொருள்களைவிட முக்கியமானது ஒரு தாள். அதில் நீங்கள் தினமும் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும், நீரிழிவு இருந்தால் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவையும், புகைபிடிப்பவரானால் நாளொன்றுக்கு எத்தனை என்பதையும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ இளம் வயதிலேயே பல் ஆடி இழந்திருந்தால் அந்த விவரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இவற்றை நினைவுபடுத்திச் சொல்வது யாருக்கும் சரியாக வருவதில்லை.

2. கண்ணாடி முன் நின்று நிலையை மதிப்பிடுதல்

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டி வளர்கின்றன. இந்தப் பற்படலத்தை அகற்றாமல் விட்டால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியத் தொடங்கும். இதுவே ஈறழற்சி. இந்தக் கட்டத்தில் எலும்பு பாதிக்கப்படுவதில்லை. படலத்தைத் தொடர்ந்து நீக்கினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அழற்சி நீடித்து, எளிதில் அதற்கு ஆட்படும் உடல்வாகும் சேர்ந்துகொண்டால், பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் கரைந்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உருவாகும். மருத்துவர்கள் இதைப் பெரியோடான்டைட்டிஸ் என்கிறார்கள். கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது. சிகிச்சையின் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவதே. ஈறழற்சி உள்ள எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்பதை வீட்டிலிருந்து கணிக்க முடியாது.

உதட்டைக் கட்டைவிரலால் கீழே இழுத்து, கீழ்வரிசை முன்பற்களுக்கு இடையே உள்ள முக்கோண ஈறைப் பாருங்கள். அது கூராக, பல்லோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். உருண்டு, பளபளத்து, பல்லை விட்டு விலகி நின்றால் அங்கே அழற்சி இருக்கிறது. நாவின் அடியிலிருந்து உமிழ்நீர் வந்து சேரும் இடம் என்பதால், அதே பற்களின் உட்புறத்தில் காரை, அதாவது கெட்டிப்பட்ட பற்படலம், சீக்கிரம் படியும். நாக்கு நுனியால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அங்கே ஈறின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கருமை படர்ந்த ஈறுகளில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. வடிவமும் கசிவும் நம்பகமான அடையாளங்கள்.

பல் நீளமாகத் தெரிவது, பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுவது, கடிக்கும்போது ஒரு பல் அசைவது, ஈறை அழுத்தினால் சீழ் வருவது, நீங்காத வாய் நாற்றம் ஆகியவை நோய் எலும்பு வரை போயிருப்பதைக் காட்டும் அறிகுறிகள். வலியை எதிர்பார்த்துக் காத்திருப்பதே இந்தக் கட்டத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே பாதி தூரம் போய்விடும்.

முகம் வீங்குதல், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதேபோல், காரணமில்லாமல் பெருகும் இரத்தக் கசிவோடு சோர்வும், உடலில் தானாகத் தோன்றும் இரத்தக் கட்டுகளும் இருந்தால் இரத்தப் பரிசோதனை முதலில் வேண்டும். சில இரத்தப் புற்றுநோய்கள் ஈறு வீக்கமாகவே முதலில் தலைகாட்டுவதுண்டு.

3. ஆபத்துக் காரணிகளைச் சிகிச்சைக்கு முன்பே எடைபோடுதல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணி அப்படியே இருக்க ஸ்கேலிங் மட்டும் செய்தால் முடிவு அரைகுறையாகவே வரும் என்பதால்தான் இது இங்கே வருகிறது.

புகைபிடித்தல் முதலிடம் பெறும் காரணி. அது எலும்பு இழப்பை வேகப்படுத்துவதோடு, ஈறின் இரத்தக் கசிவையும் மறைக்கிறது. எனவே புகைபிடிப்பவரின் ஈறுகள் இரத்தம் வராமல், வெளிறி, பார்வைக்கு உறுதியாக இருந்தபடியே உள்ளே பெரிதாகச் சேதமடைந்திருக்கலாம். விட்ட சில வாரங்களில் கசிவு கூடுவதைக் கண்டு சிலர் பதறுகிறார்கள். மறைந்திருந்த அழற்சி வெளியே தெரிகிறது, அவ்வளவே. மெல்லும் புகையிலை வைக்கும் இடத்தில் ஈறு இறங்கும். அதோடு, வாய்ப் புற்றுநோய் அபாயமும் இருப்பதால் அந்த இடத்தை மருத்துவரிடம் தனியாகக் காட்டுவது அவசியம்.

நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு ஆறாது. ஈறின் நாட்பட்ட அழற்சியும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது. முறையான ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறிய எண் போலத் தோன்றினாலும் நீரிழிவு மருத்துவர்கள் அதை அலட்சியப்படுத்துவதில்லை.

மருந்துகளில் ஃபெனிடாயின், சைக்ளோஸ்போரின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகியவை சிலருக்கு ஈறைப் பெருக்கச் செய்யும். மன அழுத்தம், ஒவ்வாமை முதலியவற்றுக்கான பல மாத்திரைகள் வாயை உலரச் செய்யும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அப்போது பல் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானது, இரண்டாவது மும்மாதம் வசதியானது.

வாய்க்குள்ளேயே இருக்கும் காரணிகளை மறக்க வேண்டாம். விளிம்பு துருத்திய பழைய அடைப்பு, சரியாகப் பொருந்தாத தொப்பிப் பல், நெருக்கியடித்து நிற்கும் பற்கள் ஆகியவை எந்த பிரஷும் எட்டாத மூலைகளை உருவாக்குகின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஈறு திரும்பத் திரும்பக் கெட்டால் முதலில் இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

4. பிரஷ் செய்வதைத் திருத்துதல்

மருத்துவரிடம் போவதற்கு முன்பே இதையும் அடுத்த படியையும் தொடங்குங்கள். வீட்டுச் சுத்தம் சரியாகி ஈறின் மேற்பரப்பு வீக்கம் தணிந்தபின் மருத்துவர் பையின் ஆழத்தை அளந்தால் அளவுகள் துல்லியமாக வரும். ஸ்கேலிங்கின்போது கசிவும் குறையும். ஆனால் பல் ஆடினாலோ சீழ் வந்தாலோ இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இழைகளின் நுனி பாதி பல்லின் மீதும் பாதி ஈறின் விளிம்பிலும் படும்படி, பிரஷை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல்வரிசையில் இழைகள் மேல்நோக்கியும் கீழ்வரிசையில் கீழ்நோக்கியும் இருக்கும். இரண்டு பற்களின் அகலத்துக்கு மேல் நகர்த்தாமல், அதே இடத்தில் மிகச் சிறிய அதிர்வுகளாகப் பத்துப் பன்னிரண்டு முறை அசைத்துவிட்டு அடுத்த இரண்டு பற்களுக்குச் செல்லுங்கள். படலம் இருப்பது விளிம்பில் என்பதால் இழை நுனி அங்கே போயாக வேண்டும். பல்லின் நடுப்பகுதியை உணவும் நாக்கும் உதடும் ஓரளவு துடைத்துவிடும்.

எல்லோரும் வெளிப்புறத்தில் தொடங்குகிறார்கள். உட்புறம் வருவதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. அதனால் வரிசையை மாற்றச் சொல்வது என் வழக்கம்: கீழ்வரிசை உட்புறம், மேல்வரிசை உட்புறம், பிறகு வெளிப்புறங்கள், கடைசியில் மெல்லும் பரப்புகள். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கு வாயைப் பாதி மூடினால்தான் பிரஷ் நுழையும்; அகலத் திறந்தால் கன்னம் இறுகி வழியை மறித்துவிடும்.

மொத்தம் குறைந்தது இரண்டு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரவு முறையைத் தவிர்க்கவே கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

அழுத்தித் தேய்ப்பது சுத்தத்தைக் கூட்டாது. கடின இழை பிரஷால் குறுக்காக அறுப்பது போலத் தேய்ப்பவர்களுக்குக் கோரைப் பல்லின் வெளிப்புறத்தில் ஈறு இறங்கி, வேரோரம் பள்ளம் விழுந்திருக்கும். வலதுகைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் இடப்பக்கம் அதிகமாக இருக்கும். பிரஷை முழங்கையால் இயக்காமல் விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். மூன்று மாதத்துக்குள் இழைகள் விரிந்துவிடுகின்றன என்றால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

5. பல்லிடுக்கைச் சுத்தம் செய்தல்

ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது இரண்டு பற்களுக்கு இடையில். பிரஷ் எட்டாத இடமும் அதுவே. முந்தைய படியை எவ்வளவு அழகாகச் செய்தாலும் இது இல்லாமல் பலனில்லை. இரண்டில் ஒன்றைத்தான் முதலில் கற்க முடியும் என்று ஒருவர் சொன்னால், ஏற்கெனவே பிரஷ் செய்பவராதலால் அவரை இதையே கற்கச் சொல்வேன்.

இடைவெளி தெரியும் இடங்களுக்குப் பல்லிடுக்கு பிரஷ். உள்ளே நுழையும்போது கம்பி பல்லில் உரசாமல், இழைகள் மட்டும் இருபுறமும் லேசான எதிர்ப்புடன் பட வேண்டும். தடையே இல்லாமல் போய்வந்தால் அளவு சிறியது. கம்பி வளைந்தால் பெரியது. ஒரே வாயில் முன்பற்களுக்கு ஓர் அளவும் கடைவாய்க்கு ஓர் அளவும் தேவைப்படுவது இயல்பு. முழு வாய்க்கும் ஒரே சிறிய பிரஷைப் பயன்படுத்திவிட்டு 'பலனில்லை' என்பவர்கள் பலர். ஈறின் கோணத்தை ஒட்டி நுழைத்து, நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுங்கள், பேஸ்ட் வேண்டாம்.

இடைவெளியே இல்லாமல் பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ். ஏறக்குறைய முழங்கை நீளத்துக்கு நூலை எடுத்து, இரு நடுவிரல்களிலும் சுற்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிறு நீளத்தை இறுகப் பிடியுங்கள். அறுப்பது போல முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக இறக்குங்கள். வெடுக்கென்று அழுத்தினால் ஈறு கிழியும். இறங்கியதும் நூலை ஒரு பல்லோடு வளைத்துத் தழுவ வைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லோடு வளைத்து அதையும் துடையுங்கள். இரண்டாவது பல்லை மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை: இடுக்கு ஒன்று, பரப்பு இரண்டு.

முதல் சில நாட்கள் இரத்தம் வரும். 'இது ஈறைக் காயப்படுத்துகிறது' என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம். அழற்சியுள்ள ஈறு கசியும். படலம் நீங்க நீங்க, பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் கசிவு கண்கூடாகக் குறையும். குறையாத இடங்களை முன்பு சொன்ன தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கைக்கு எட்டாத காரையோ ஆழமான பையோ இருக்க வாய்ப்புண்டு.

6. மருத்துவரிடம் முழு அளவீடு

'பார்த்து' மட்டும் ஈறு நோயைக் கண்டறிய முடியாது. அளவுக்கோடுகள் உள்ள மெல்லிய புரோப் கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 6 இடங்களில் ஆழத்தை அளந்து, கசிவையும் பதிய வேண்டும். பொதுவாக 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு, 4 மி.மீ.யும் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியவை, 6 மி.மீ. முதல் ஆழமானவை. எலும்பின் உயரத்தை எக்ஸ்ரே காட்டும்.

2017-ல் நடந்த உலகளாவிய கருத்தரங்கில் உருவாகி, 2018-ல் வெளியான வகைப்பாட்டின்படி, சேதத்தின் அளவு 1 முதல் 4 வரையிலான நிலைகளாகவும், நோயின் வேகம் ஏ, பி, சி என்ற தரங்களாகவும் குறிக்கப்படுகிறது. வேகத்தைக் கணிக்கும் ஒரு வழி எளிமையானது: மிக மோசமான பல்லின் எலும்பு இழப்புச் சதவீதத்தை வயதால் வகுத்து வரும் எண் 1-க்கு மேல் போனால் வேகமான சி தரம். 40 வயதில் 50 சதவீதம் இழந்தவருக்கு 1.25 வருகிறது. நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவரும், எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நீரிழிவு நோயாளியும் அதே சி தரத்துக்கு உயர்த்தப்படுகிறார்கள். மூன்றாம் படியை முன்னரே வைத்ததன் பயன் இங்கே தெரியும்.

அளவுகளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல், பிறகு முன்னேற்றம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

7. ஸ்கேலிங்கும் வேர்ப்பரப்புச் சுத்தமும்

படலம் உமிழ்நீரின் தாதுக்களை ஏற்றுக் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் பிரஷால் அதை எடுக்க முடியாது, கருவி வேண்டும். ஈறழற்சிக்கு ஈறின் மேலே உள்ள காரையை எடுத்தாலே போதும். பைகள் இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரின் பரப்பையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இதை ஓரிரு அமர்வுகளாகவோ, வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்தோ செய்வார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பல் சுத்தத்துக்காகத் தாமாகவே நிறுத்தி வருவது ஆபத்தானது.

பிறகு என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஈறு சில நாட்கள் நோகும். குளிர்ந்த நீர் கூசும். வீக்கம் வற்றுவதால் பற்கள் நீளமாகவும் இடைவெளியோடும் தெரியும். 'ஸ்கேலிங் செய்ததால் பல்லில் சந்து விழுந்துவிட்டது' என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது. சந்தை உண்டாக்கியது நோய். காரையும் வீக்கமும் அதை அடைத்து மறைத்திருந்தன. இடைவெளி மாறியதால் பல்லிடுக்கு பிரஷின் அளவையும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை.

8. மவுத்வாஷும் ஆன்டிபயாடிக்கும் வரும் இடம்

குளோர்ஹெக்சிடின் 0.12 அல்லது 0.2 சதவீதக் கரைசல், பிரஷ் செய்ய முடியாத அளவு ஈறு நோகும் நாட்களிலும் அறுவைக்குப் பிறகும் குறுகிய காலத்துக்கு உதவும். வழக்கமாக இரண்டு வாரங்கள். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை மாறும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் பிரஷ் செய்து அரை மணி நேரம் கழித்தே கொப்பளியுங்கள். எந்த மவுத்வாஷும் பைக்குள் ஆழமாக இறங்காது, காரையைக் கரைக்காது.

ஆன்டிபயாடிக் மட்டும் தனியாக ஈறு நோயைத் தீர்க்காது. பல்லில் ஒட்டிய படலம் கிருமிகளுக்குக் கவசமாக இருப்பதால், அதைக் கருவியால் கலைத்த பிறகே மருந்து உள்ளே எட்டும். வேகமாகப் பரவும் நோயில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், வேர்ச் சுத்தத்தோடு சேர்த்து மருத்துவர் தருவார். மிச்ச மாத்திரையை விழுங்கினால் வீக்கம் தற்காலிகமாக அடங்கும். பை அப்படியே இருக்கும்.

9. மறு அளவீடு, தேவைப்பட்டால் அறுவை

வேர்ச் சுத்தம் முடிந்து ஏறக்குறைய 8 முதல் 12 வாரங்களில் மீண்டும் அதே 6 இடங்களில் அளக்க வேண்டும். அதற்குமுன் அளந்தால் ஆறிக்கொண்டிருக்கும் திசுவைக் கலைப்பதாகும். அளவும் பொய் சொல்லும்.

எல்லா இடங்களும் 4 மி.மீ.க்குள் வந்து, 4 மி.மீ. இடங்களிலும் கசிவு இல்லையென்றால் பராமரிப்புக்குச் செல்லலாம். 4, 5 மி.மீ. அளவில் கசிவோடு எஞ்சும் இடங்களை மீண்டும் சுத்தம் செய்வார்கள். 6 மி.மீ.யும் அதற்கு மேலும் எஞ்சினால் ஈறைத் திறந்து நேரில் பார்த்துச் சுத்தம் செய்யும் அறுவையை யோசிக்கலாம். எலும்புக் குழியின் வடிவம் பொருத்தமாக இருந்தால், இழந்ததில் ஒரு பகுதியை மீட்கும் சிகிச்சையும் உண்டு. புகைபிடித்தலையும் படலத்தையும் கட்டுப்படுத்தாமல் அறுவைக்கு அவசரப்படுவதில் பயனில்லை. பொறுப்புள்ள மருத்துவர் அந்த நிலையில் தள்ளிப்போடவே சொல்வார்.

பற்களை நேராக்குவது, வெண்மையாக்குவது, இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைப்பது ஆகிய எல்லாம் இந்தப் படி தேறிய பிறகுதான். இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே போன்ற நோய் வந்து எலும்பு கரையும்; அதைக் குணப்படுத்துவது பல்லைக் காப்பதைவிடக் கடினம்.

10. பராமரிப்பு இடைவெளி

பெரியோடான்டைட்டிஸ் வந்தவருக்கு அது மீண்டும் கிளம்பும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதும் உண்டு. எனவே ஆபத்துக் காரணிகளைப் பொறுத்து 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும் சுத்தமும் வேண்டும். புகைபிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் 3 மாதத்தை ஒட்டியே அமையும். இதை எல்லோருக்கும் 6 மாதம் என்று பொதுவாக வைத்துக்கொள்வது சரியன்று.

ஒவ்வொரு முறையும் பழைய பிரதியை எடுத்துச் சென்று, எந்தப் பல் மாறியிருக்கிறது என்று கேளுங்கள். இறங்கிய ஈறுக்குக் கீழே தெரியும் வேரில் சொத்தை எளிதில் விழும் என்பதால் ஃபுளோரைடு பேஸ்ட்டை விடாதீர்கள். துப்பிய பிறகு தண்ணீர் விட்டு அதிகம் கொப்பளிக்க வேண்டாம். இடையில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இரத்தம் கசிந்தால், அடுத்த தேதி வரும்வரை பொறுக்காமல் போய் அந்த ஓர் இடத்தையாவது அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.